2 வயதில் ஐஜிஏ குறைவு, மூக்கில் மொராக்செல்லா: ஒவ்வாமை வருமா?

ரத்தத்தில் ஐஜிஏ குறைவு, மூக்கில் மொராக்செல்லா என்ற இந்த இரண்டு ரிப்போர்ட்டை மட்டும் வைத்து உங்கள் 2 வயதுப் பையனுக்கு அலர்ஜி வரும் என்று சொல்ல முடியாது.

ஐஜிஏ (IgA) என்பது கிருமிகளை எதிர்க்கும் ஒரு புரதம். பிறக்கும்போது அது ரத்தத்தில் அநேகமாக இருக்காது. மெல்ல ஏறி, பெரியவர்கள் அளவை எட்டப் பதின்வயது ஆகிவிடும். அதனால்தான் 4 வயதுக்கு முன் 'குறைபாடு' என்று முத்திரை குத்துவதில்லை. லேப் ஒப்பிட்டது 2 வயதுக்குரிய அளவோடுதானா என்று முதலில் பாருங்கள். பல நேரம் குழப்பமே அங்கேதான். அப்புறம், ரத்தத்து ஐஜிஏ வேறு, மூக்குச் சளிச்சவ்வில் சுரப்பது வேறு.

மொராக்செல்லா என்ற பாக்டீரியா நலமான குழந்தைகளின் மூக்கிலும் குடியிருக்கும். அதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள். (பிறந்த 1 மாதத்தில் இது போன்ற சில பாக்டீரியாக்கள் இருந்தவர்களுக்குப் பின்னாளில் ஆஸ்துமா அதிகம் என்று 2007இல் ஒரு டென்மார்க் ஆய்வு சொன்னது. தொடர்புதான், காரணம் என்று நிரூபணமாகவில்லை.)

அடிக்கடி நிமோனியா, காதில் சீழ், எடை ஏறாமை, மூச்சில் விசில் சத்தம் இருந்தால் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.