சாப்பாட்டை நிறுத்த வேண்டாம், கருத்தடைக்கு ஏற்பாடு செய்யுங்கள்

வணக்கம். குடியிருப்புக்குப் பின்னால் குட்டி போட்ட தாய்ப்பூனை கிட்டே போனாலே சீறுகிறது, அக்கம்பக்கத்தார் சாப்பாடு வைக்கக் கூடாது என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். பட்டினி போட்டால் பூனை கிளம்பிப் போகாது, குப்பையைத்தான் கிளறும். தினமும் ஒரே நேரத்தில் வைத்து, அரை மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். எறும்பு, நாற்றம் என்ற புகார் குறையும்.

அவசரமான வேலை கருத்தடைதான். பால் கொடுக்கும்போதே தாய் மறுபடி சினையாகும். சுமார் 9 வாரத்தில் அடுத்த ஈற்று. குட்டிகள் தானாகச் சாப்பிடத் தொடங்கியதும் தாயைப் பிடித்துவிடலாம். கையால் வேண்டவே வேண்டாம், பூனைக்கடி எளிதில் சீழ் வைக்கும். விலங்கு நல அமைப்பிடம் பொறிக்கூண்டு இரவல் கேட்டுப் பாருங்கள். முதல் நாள் இரவு உணவு வைக்காமல், காலையில் கூண்டின் கடைக்கோடியில் மீன் வையுங்கள். கதவு விழுந்ததும் முட்டி மோதும், பார்க்கவே பாவமாக இருக்கும். தடித்த துணியால் கூண்டை முழுக்க மூடுங்கள், மெல்ல அடங்கிவிடும்.

கருத்தடை அறுவைக்காக மயக்கத்தில் இருக்கும்போதே ரேபிஸ் தடுப்பூசி போட்டு, கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காது நுனியையும் வெட்டும்படி கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். தேறியதும் தாயைப் பழைய இடத்திலேயே விடுங்கள். குட்டிகளை 8 வாரத்துக்குள் மனிதர்களிடம் பழக்கினால் நல்ல வீடு தேடலாம். சரி, குட்டிகளுக்கு இப்போது எத்தனை வாரம் இருக்கும்?