பம்பு தருவார்கள், வாஷர் யார் வாங்குவது?

மட்டக்களப்பு, அம்பாறைக் கிராமங்களில் குடிநீர்த் திட்டங்களோடு இருபத்தைந்து வருஷம் அலைந்தவன் நான். இந்தக் கிழமை வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வாகரையிலிருந்து ஒரு தங்கச்சி: எங்கள் ஊரில் 40 குடும்பம். கோடையில் கிணறு வற்றிவிடும். குழாய்க்கிணறு அடிக்க யாரிடம் காசு கேட்பது?

கிராம அபிவிருத்திச் சங்கத்தில் தீர்மானம் எடுத்து, கிராம உத்தியோகத்தர் கையெழுத்தோடு பிரதேச செயலகத்தின் திட்டமிடல் பிரிவில் கொடுங்கள். மாகாண நிதியோ, எம்.பி.மார் ஊர் வேலைகளுக்கு ஒதுக்கும் பன்முகப்படுத்தப்பட்ட நிதியோ, தொண்டு நிறுவனமோ, பெரும்பாலும் அந்த மேசையைத் தாண்டித்தான் வரும். தேசிய சமுதாய நீர் வழங்கல் திணைக்களத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். மனுவில் “தண்ணீர்க் கஷ்டம்” என்று மட்டும் எழுதினால் அது நூற்றோடு நூற்றொன்று. ஆவணியில் ஒரு குடத்துக்கு எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள், தண்ணீர்ப் பவுசர் வண்டி கிழமைக்கு எத்தனை தரம் வருகிறது என்று எழுதுங்கள். காணி யாருடையது என்பதையும் இப்போதே தீர்த்துவிடுங்கள். தனியார் வளவுக்குள் அடித்த பொதுக் கிணறு, வேலிச் சண்டை வந்த அன்றைக்கே தனிக் கிணறாகிவிடும்.

வவுணதீவுத் தம்பி: ஒரு நிறுவனம் மோட்டரும் தாங்கியும் தந்தது. மோட்டர் எரிந்து இரண்டு வருஷம். திரும்ப அவர்களிடமே கேட்கலாமா?

கேட்கலாம், வரமாட்டார்கள். கொடையாளர் காசு கட்டிமுடிக்கத்தான். அறிக்கை அனுப்பியதும் அந்தக் கணக்கை மூடிவிடுவார்கள். கைப்பம்பில் ஒரு வாஷர் தேய்ந்ததற்கே கைவிடப்பட்ட கிணறுகளைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் இருந்தது, சல்லிதான் இல்லை.

60 வீடு, வீட்டுக்கு மாதம் 300 ரூபாய் என்று வையுங்கள்: 18,000. மின்கட்டணம், குளோரின், பம்பு போடுபவரின் கைச்செலவு போக 4,000 மிஞ்சினாலும் வருஷத்தில் 48,000 வங்கியில் கிடக்கும். படுவான்கரையில் ஒரு ஊரில் பொருளாளர் அக்கா கட்டணக் கொப்பியைக் குசினிச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார். கட்டாத வீட்டுக்குச் சிவப்புப் புள்ளி. யார் வந்தாலும் புரட்டலாம். அவருடைய சொந்தத் தம்பியின் பெயருக்கு நேரே மூன்று புள்ளி! நான் கடைசியாகப் போனபோதும் அந்த ஊர்ப் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. நீங்களும் முதலில் கொப்பியைத் தொடங்குங்கள். மூன்று மாதக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பிரதேச சபைக்குப் போனால், மிச்சத்தைக் கேட்க வாய் வரும்.

திருக்கோவில் ஐயா: மோட்டர் போட்டதிலிருந்து கிணறு உவர்க்கிறது. ஆழமாக்க உதவி கிடைக்குமா?

ஆழமாக்கவே வேண்டாம் ஐயா. கரையோர மணலில் நல்ல தண்ணீர், பாரமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. ஒரேயடியாக உறிஞ்சினால் கீழே கிடக்கும் உப்பு மேலே வரும். 2004 சுனாமிக்குப் பிறகு கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தபோது சில இடங்களில் உவர் கூடியதும் இதனால்தான். நம் பெரியவர்கள் மணலில் பூவல் என்ற சின்ன ஊற்றுக்குழி தோண்டிச் சிரட்டையால் அள்ளியது சும்மா அல்ல. சின்ன மோட்டர், காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம்.

நாவிதன்வெளி அக்கா: மலசலகூட உதவி கிடைத்திருக்கிறது. வளவு சின்னது. கிணற்றுப் பக்கம் குழி வெட்டலாமா?

வேண்டாம் அக்கா, 15 மீற்றராவது தள்ளி. பக்கத்து வளவுக் கிணற்றுக்கும் அளந்து பாருங்கள், அதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ஆடியில் காய்ந்து கிடக்கும் குழியில் மார்கழியில் தண்ணீர் ஊறும். மாரிகாலத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே குழியின் அடி நிற்கும்படி தளத்தை உயர்த்தச் சொல்லுங்கள். அதற்கு மண் நிரப்பும் செலவு மதிப்பீட்டில் இருக்கிறதா என்று முதல் தவணைக்கு முன்பே கேளுங்கள்.

உன்னிச்சைத் தம்பி: எங்கள் குளத்துத் தண்ணீர் நகரத்துக்குப் போகிறது. எங்களுக்கு ஏன் இல்லை?

எரிச்சல் நியாயம். குழாய்ச் செலவு மீற்றர் கணக்கில் ஏறும். நகரத்தில் ஒரு கிலோமீற்றரில் நூறு வீடு இருந்தால் உங்கள் பக்கம் பத்துத்தான் வரும். அது கடன் காசில் செய்த வேலை, வீட்டுக்கு எவ்வளவு செலவு என்ற கணக்கில் வாதாடினால் தோற்பீர்கள். வீட்டு இணைப்புக்கு முன்னால் ஊருக்கு ஒரு பொதுத் தாங்கி கேளுங்கள். மறுகா, மழைத் தண்ணீர் இருக்கிறது. ஒரு சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை என்றால் 1 லீற்றர். 40 சதுர மீற்றர் தகரத்தில் 100 மில்லிமீற்றர் பெய்தால், சிந்தினது போகவும் 3,000 லீற்றருக்குக் குறையாது. நாலு பேர், ஆளுக்கு நாளைக்கு 5 லீற்றர், நாலு மாதக் கோடை: 2,400 லீற்றர். முதல் மழையை மட்டும் தாங்கிக்குள் விடாதீர்கள், கூரையில் ஆறு மாதம் காகம் குடியிருந்திருக்கும்.