வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம், அதற்கொரு சங்கமா?

அன்புள்ள ஐயா,

நான் முதுகலை படிக்கிறேன். செலவுக்காக ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் மாலை நேர வேலை பார்க்கிறேன். பில்லிங் கவுன்ட்டரில் இருப்பேன், கூட்டம் குறைந்தால் ரேக்கில் சரக்கு அடுக்குவேன். சேரும்போது வாரத்துக்கு 12 மணி நேரம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் வழக்கமாக இருபதுக்கு மேல் கிடைக்கும். அதை நம்பித்தான் என் கணக்கெல்லாம். இரண்டு மாதம் முன்பு தேர்வுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை வர முடியாது என்றேன். அடுத்த வாரத்திலிருந்து ரோஸ்டரில், அதாவது வேலை நேர அட்டவணையில், என் பெயருக்கு நேராக 12 மணி நேரம் மட்டும்தான். யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

கடையில் பல வருடங்களாக இருக்கும் ஓர் அக்கா யூனியன் படிவம் ஒன்றைக் கொடுத்தார். அது மேனேஜர் காதுக்கும் போய்விட்டது போல. "எதுவானாலும் நேரா என்கிட்ட வந்து சொல்லும்மா, நடுவுல ஆள் எதுக்கு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். படிப்பு முடிந்ததும் இந்த வேலையை விட்டுவிடப்போகிறவள் நான். முழுநேர ஊழியர்களின் சங்கத்துக்கு நான் ஏன் சந்தா கட்ட வேண்டும்? கட்டாவிட்டாலும் அவர்கள் பேசி வாங்கும் சம்பள உயர்வு எனக்கும் வந்துவிடுகிறது. அப்பா "வம்பை விலைகொடுத்து வாங்காதே" என்கிறார். ஆனாலும் படிவத்தைத் தூக்கிப்போட மனம் வரவில்லை.

ச.

அன்புள்ள ச.,

சேருங்கள் என்பதுதான் என் பதில். எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறும், அதனால் அதற்குள் அதிகம் போகவில்லை. உங்களுக்கு நடந்தது பல ஊர் சூப்பர் மார்க்கெட்டிலும் நடப்பதுதான்.

பகுதி நேரமாக வேலை செய்பவருக்கு மணிக்கு எவ்வளவு என்பது பாதிக் கணக்கு. எத்தனை மணி நேரம் என்பது மீதிப் பாதி. முதல் பாதியைச் சட்டமோ ஒப்பந்தமோ தீர்மானித்துவிடுகிறது. இரண்டாவது பாதி, ரோஸ்டர் போடுகிற ஒருவர் கையில் இருக்கிறது. உங்களைத் தண்டிக்க அவர் வேலையை விட்டு நீக்க வேண்டியதில்லை, மெமோ கொடுக்க வேண்டியதில்லை. மணி நேரத்தைக் குறைத்தால் போதும். கேட்டால், "12 மணி நேரம் என்றுதானே எழுதியிருக்கிறது, கொடுத்துவிட்டோமே" என்பார்கள். காகிதத்தில் எந்தத் தவறும் இருக்காது.

இந்த ஏற்பாடு தற்செயலாக வந்ததில்லை. சூப்பர் மார்க்கெட்டில் மதியம் கடை காலியாக இருக்கும், மாலையிலும் வார இறுதியிலும் வரிசை நீளும். எல்லாரையும் முழுநேரத்துக்கு எடுத்தால் காலி நேரத்துக்கும் கூலி கொடுக்க வேண்டும். குறைந்த மணி நேரத்துக்கு ஒப்பந்தம் போட்டு நிறையப் பேரை எடுத்து, தேவைப்படும்போது கூடுதல் ஷிப்ட் கொடுத்தால் அந்தச் செலவு மிச்சம். வியாபாரம் ஏறி இறங்குவதன் நஷ்டத்தைக் கடை சுமக்காமல், கவுன்ட்டரில் நிற்பவர் சுமக்கிறார். இந்த மாதம் வாடகை கட்ட முடியுமா என்ற கவலை உங்களுக்கு வருவது இதனால்தான். நீங்கள் கணக்குப் போடத் தெரியாதவர் என்பதனால் இல்லை.

மேனேஜர் அன்பாகச் சொன்னார் என்கிறீர்கள். நம்புகிறேன். நல்ல மனிதராகவே இருக்கட்டும். ஆனால் இந்த வாரம் இந்தக் கடைக்கு மொத்தம் இத்தனை மணி நேரம்தான் என்ற வரம்பு பெரும்பாலும் அவருக்கே மேலிருந்து வருகிறது. அதற்குள்தான் அவர் பிரித்துக் கொடுக்கிறார். உங்களுக்கு நான்கு மணி நேரம் கூட்டினால் இன்னொரு பெண்ணுக்கு நான்கு மணி நேரம் குறையும். நீங்கள் தனியாகப் போய்க் கேட்டால், உங்களுக்குத் தெரியாமலேயே அவளோடு போட்டி போடுகிறீர்கள். வரம்பைப் பற்றியும், கூடுதல் மணி நேரத்தை எந்த முறையில் பிரிப்பது என்பதைப் பற்றியும் அவரிடம் பேசிப் பயனில்லை, அவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. அதற்கு அவருக்கும் மேலே இருப்பவர்களோடு பேச வேண்டும். உங்களைத் தனி ஆளாக அங்கே உட்கார வைத்துப் பேச மாட்டார்கள்.

பேசினால் நடக்குமா என்றால், நடந்திருக்கிறது. 2014-இல் சான் பிரான்சிஸ்கோ நகரசபை, பெரிய சங்கிலிக் கடைகளின் ஊழியர்களுக்காகவே சட்டம் போட்டது. இரண்டு வாரம் முன்பே ரோஸ்டரைக் கொடுத்துவிட வேண்டும், கூடுதல் வேலை இருந்தால் புதிய ஆள் எடுப்பதற்கு முன் ஏற்கெனவே இருக்கும் பகுதிநேரக்காரரிடம் கேட்க வேண்டும் என்பவை அதில் முக்கியமானவை. தொழிலாளர் அமைப்புகள் கூடி வற்புறுத்தியதால் வந்த சட்டம் அது. கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நின்றே வேலை செய்ய வேண்டியிருந்தது. அமைப்பாகச் சேர்ந்து பல ஆண்டுகள் போராடினார்கள். 2018-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டு உட்காரும் உரிமை வந்தது, 2021-இல் தமிழ்நாடும் அதைச் செய்தது. ஒரு நாற்காலிக்கே இவ்வளவு பாடு. தனியாகக் கேட்டவர்களுக்கு எத்தனை காலம் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

கடை ஊழியர் என்றால் மார்கரெட் பாண்ட்ஃபீல்ட் எனக்கு நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். இங்கிலாந்தில் பதினான்கு வயதில் கடை வேலைக்குப் போனவர். 1890-களில் லண்டனில் சில கடைகளில் ஊழியர்கள் வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கும் மேல் உழைத்துவிட்டு, முதலாளி கொடுத்த விடுதியிலேயே நெருக்கியடித்துப் படுக்க வேண்டும். தின்பண்டம் பொதிந்து வந்த செய்தித்தாளில், கடை ஊழியர்களே ஒன்று சேருங்கள் என்று ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்துத்தான் அவர் சங்கத்தில் சேர்ந்தார். பிறகு சங்கப் பத்திரிகைக்குப் புனைபெயரில் எழுதினார். மற்றவர்கள் தூங்கிய பிறகு, மெழுகுவர்த்தி வெளிச்சம் வெளியே தெரியாமல் துண்டால் மறைத்துக்கொண்டு எழுதினார். 1929-இல் அவர் தொழிலாளர் அமைச்சர், பிரிட்டிஷ் அமைச்சரவையின் முதல் பெண் உறுப்பினர். நீங்களும் அமைச்சராக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. விடுதியில் படுத்திருந்த அந்தப் பெண்களில் பலரும் கொஞ்ச நாளில் இந்த வேலையை விட்டுவிடுவோம் என்றுதான் நினைத்திருப்பார்கள். உங்களுக்கு முன் அந்தக் கவுன்ட்டரில் நின்றவரும் அப்படி நினைத்தவர்தான். எல்லாரும் தற்காலிகம் என்றால் வேலை மட்டும் நிரந்தரமாக அப்படியே இருக்கும்.

"முழுநேர ஊழியர்களின் சங்கம்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான், ஏனென்றால் இதில் உண்மை இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனமும் தொழிற்சங்கமும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டன. அடிப்படைக் கூலி கொஞ்சம் உயர்ந்தது. பதிலுக்கு இரவுக்கும் வார இறுதிக்கும் தர வேண்டிய கூடுதல் கூலி குறைந்தது. வார நாட்களில் பகலில் வேலை செய்தவருக்கு லாபம். மாலையிலும் ஞாயிறன்றும் மட்டும் வருகிற மாணவர்களுக்கு, சட்டம் சொன்ன குறைந்தபட்சத்தை விடவும் நஷ்டம். பகுதிநேர ஊழியர் ஒருவர் இதை எதிர்த்துப் போனார். 2016-இல் அந்நாட்டின் தொழிலுறவு ஆணையம், ஊழியர்களுக்கு மொத்தத்தில் லாபமா என்று பார்க்கும் சோதனையில் ஒப்பந்தம் தேறவில்லை என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

தெற்குக் கலிபோர்னியாவில் 2003 அக்டோபர் முதல் நான்கரை மாதம் சூப்பர் மார்க்கெட் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், கதவடைப்பையும் தாங்கினார்கள். கடைசியில் வந்த ஒப்பந்தத்தில், இருப்பவர்களுக்கு ஒரு கூலி, புதிதாக வருபவர்களுக்குக் குறைந்த கூலி. பேச்சுவார்த்தை நடக்கும்போது புதிதாக வரப்போகிறவர் அந்த அறையில் இருக்க முடியாது. அதனால் விட்டுக்கொடுக்க வேண்டி வந்தபோது அவருடைய கூலிதான் போனது. அதே சங்கத்தினர் 2007-இல் அடுத்த ஒப்பந்தத்தில் அந்த இரட்டைக் கூலியை ஒழித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இவற்றைக் காட்டி, சங்கமே வேண்டாம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. நான் அதற்கு நேர் எதிராக வாசிக்கிறேன். பல நாடுகளின் சூப்பர் மார்க்கெட்டில் பகுதிநேரக்காரர்கள்தான் பெருங்கூட்டம். அவர்கள் சங்கத்துக்கு வெளியே நிற்கும்வரை, உள்ளே இருப்பவர்கள் தங்களுக்குத் தெரிந்த கஷ்டத்தைத்தான் மேஜைக்கு எடுத்துப் போவார்கள். ரோஸ்டர் உங்கள் கஷ்டம். அதை அங்கே சொல்ல உங்களைப் போன்ற ஒருவர் இருக்க வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1994-இல் பகுதிநேர வேலைக்கென்றே ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது, 175-ஆவது. சங்கம் சேர, கூட்டாகப் பேரம் பேச, தொழிலாளர் பிரதிநிதியாக இருக்க முழுநேரக்காரருக்கு உள்ள அதே பாதுகாப்பு பகுதிநேரக்காரருக்கும் வேண்டும் என்கிறது அது. பிரதிநிதியாகவும் இருக்கலாம் என்பதைக் கவனியுங்கள். அதை ஏற்று உறுதிசெய்த நாடுகள் குறைவு என்பது வருத்தமான விஷயம்.

சந்தா கட்டாமலே உயர்வு வருகிறது என்கிறீர்கள். ஆம், பல இடங்களில் ஒப்பந்தம் உறுப்பினர் அல்லாதவருக்கும் பொருந்தும். உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், மாணவரின் கையில் எவ்வளவு இருக்கும் என்று தெரியும். ஆனால் அந்த உயர்வுக்கு அந்த அக்கா பல வருடங்களாகத் தன் சம்பளத்திலிருந்து கட்டியிருக்கிறார், வேலை முடிந்து கூட்டத்துக்குப் போயிருக்கிறார். படிவத்தைத் தூக்கிப்போட மனம் வராதது உங்களுக்கு அது தெரிந்திருப்பதால்தான் என்று நினைக்கிறேன்.

கையெழுத்திடும் முன் அவரிடம் சிலவற்றைக் கேளுங்கள். பகுதிநேரக்காரருக்குச் சந்தா குறைவா? பல சங்கங்களில் உண்டு. சேர்ந்த உடனே உதவி கிடைக்குமா, சில மாதம் காத்திருக்க வேண்டுமா? சேர்வதற்கு முன் நடந்த பிரச்சினையைப் பல சங்கங்கள் எடுப்பதில்லை. அதனால் உங்களுக்குக் குறைந்த மணி நேரத்தை இப்போது மீட்டுத் தருவார்கள் என்று எதிர்பார்த்துச் சேராதீர்கள். போன ஒப்பந்தத்தில் மாலை, ஞாயிறு கூலிக்கு என்ன ஆயிற்று? இந்தக் கடையில் சங்கத்தின் ஆள் யார், கூட்டம் உங்களால் வர முடிகிற நேரத்தில் நடக்குமா? கடைசிக் கேள்விக்கு அவர் விழித்தால், அல்லது நிர்வாகமே நடத்துகிற ஊழியர் குழுவைத்தான் சங்கம் என்று அழைக்கிறார்கள் என்றால், அதில் சேர வேண்டாம். வேறு சங்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்பாவின் பயம் நியாயமானது. பழிவாங்கல் நடக்கும், உங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கே நடந்திருக்கிறது. சங்கத்தில் சேர்ந்ததற்காகத் தொழிலாளரைத் தண்டிப்பதைப் பல நாடுகளின் சட்டம் தடுக்கிறது, ஆனால் அதை நிரூபிப்பது கடினம். அதனால் சில முன்னெச்சரிக்கைகள். சந்தாவைச் சம்பளத்தில் பிடிக்கச் சொன்னால் நிர்வாகத்துக்குத் தெரிந்துவிடும். வங்கிக் கணக்கிலிருந்து நேராகச் சங்கத்துக்குக் கட்ட வழி இருக்கிறதா என்று கேட்டு, அப்படியே கட்டுங்கள். சேர்ந்ததை நீங்களாக மேனேஜரிடம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு வார ரோஸ்டரையும் போட்டோ எடுத்து வையுங்கள். கடை மூடிய பிறகு கல்லா எண்ணவும் தரை துடைக்கவும் நின்ற நேரத்தையும் தேதியோடு குறித்து வையுங்கள். சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உங்களுக்கே சில விஷயங்கள் தெரியவரும். அந்தக் குறிப்புகளோடு சங்கப் பிரதிநிதியைப் பாருங்கள், கூடவே இன்னும் இரண்டு மூன்று பகுதிநேரக்காரர்களின் ரோஸ்டரும் இருந்தால் நல்லது. உங்கள் ஒருத்தியின் குறையாகத் தொடங்கியது அப்போது கடையின் வழக்கமாகத் தெரியும், அதை வைத்து அவர்களால் பேச முடியும்.

அன்புடன்.