டொக்டர் பதில்: முதுகு ஒபரேஷன் செஞ்ச அம்மா எப்ப கொழுந்தெடுக்க போகலாம்?

கேள்வி: வணக்கம் டொக்டர். நாங்க தலவாக்கலை பக்கம் தோட்டத்துல இருக்கோம். அம்மாவுக்கு 44 வயசு. சின்ன வயசுலருந்தே முதுகு ஒரு பக்கமா வளைஞ்சிருந்துச்சு, கடைசி நாலஞ்சு வருஷமா வலி கால் வரைக்கும் இழுக்க ஆரம்பிச்சதால கொழும்புல ஒபரேஷன் செஞ்சு ரெண்டு பக்கமும் ரொட் வச்சு ஸ்க்ரூ போட்டுருக்காங்க. இப்ப 10 வாரம் ஆகுது. முதுகு நேராயிருச்சு, காயமும் ஆறிருச்சு. ஆனா வலி முழுசா போகல, ஒரு கால் கட்டையாயி நீளம் கொறஞ்ச மாதிரி இருக்குங்கிறாங்க, ராத்திரில அழுறாங்க. லயத்துல (தோட்டத்து வரிசை வீடுகள்ல) எல்லாரும் மூணு மாசத்துல வேலைக்கு போயிரலாம்னு சொல்றாங்க, பெரட்டுலயும் (காலைல வேலைக்கு ஆள் பிரிக்கிற எடம்) கேட்டுட்டாங்க. எப்ப போகலாம்? குளிருக்கு உள்ள இருக்க கம்பி இறுகுமா? இடி மின்னல் நேரத்துல அம்மா ரொம்ப பயப்படுறாங்க.

பதில்: மகள், நேராவே சொல்லிடுறேன். மூணு மாசத்துல அம்மா கூடைய மாட்டக்கூடாது. ஆறு மாசத்துலயும் வேணாம். ஒரு வருஷம் கழிச்சு எக்ஸ்ரே பாத்து, ஒபரேஷன் செஞ்ச டொக்டர் சரின்னு சொன்னாக்கூட பழையபடி 18 கிலோ எடுத்து முழுப்பேர் (முழு நாள் சம்பளம்) போடுற வேலைக்கு அவங்க திரும்பணுமாங்கிறத அப்ப உக்காந்து யோசிக்கணும். அந்த பேருலதான் உங்க வீட்டு அடுப்பு எரியுதுன்னு எனக்கு தெரியும், நானும் லயத்துல பொறந்தவன்தான், தெரிஞ்சுதான் சொல்றேன்.

ரொட்டும் ஸ்க்ரூவும் முதுக நேரா புடிச்சு வச்சிருக்கு, அவ்வளவுதான். ஒபரேஷன்ல டொக்டர்மார் முள்ளந்தண்டோட பின்பக்கத்த சுரண்டிட்டு அது மேல சின்னச் சின்ன எலும்புத் துண்டுகள பரப்பி விடுவாங்க, அந்த துண்டெல்லாம் பழைய எலும்போட சேந்து ஒட்டி ஒரே எலும்பா வளரணும், பெரியவங்களுக்கு அதுக்கு ஆறு மாசத்துலருந்து ஒரு வருஷம் எடுக்கும், சில பேருக்கு அதுக்கும் மேல. பதினாலு பதினஞ்சு வயசு புள்ளைக்கு சீக்கிரம் ஒட்டும், 44 வயசுல மெதுவாத்தான் ஒட்டும். அது வரைக்கும் பாரம் எல்லாம் கம்பி மேலதான். வேலிக்கம்பி வெட்ட கொறடு இல்லன்னா நம்ம ஆளுங்க எப்படி ஒடைப்பாங்க, ஒரே இடத்துல அப்படியும் இப்படியும் வளைச்சு வளைச்சுத்தானே? எலும்பு ஒட்டாத இடத்துல ரொட்டும் அப்படித்தான் ஒடையும். ஒரே நாள்ல இல்ல, மாசக்கணக்கா குனிஞ்சு நிமுந்து பாரம் தூக்கி தூக்கி ஒரு நாள் ஒடையும்.

நான் பாத்த ஒரு அக்கா, பேர் வேணாம், நாலாவது மாசமே வெறகு தூக்க போயிட்டாங்க. வலி இல்லையே டொக்டர்னு சொன்னாங்க. எட்டாவது மாசம் பீலில தண்ணி புடிச்சு குடத்த இடுப்புல ஏத்துறப்ப முதுகுக்குள்ள டக்குனு ஒரு சத்தம். எக்ஸ்ரேல ஒரு ரொட் ரெண்டா இருந்துச்சு. மறுபடி ஒபரேஷன், மறுபடி ஒரு வருஷம். அந்த அக்காவ நான் கொற சொல்லமாட்டேன், எலும்பு ஒட்டுறது கண்ணுக்கு தெரியுற விஷயம் இல்ல, வெளிய பாத்தா முதுகு நேரா இருக்கு, காயம் ஆறிருச்சு, அப்பறம் என்னன்னுதான் எல்லாருக்கும் தோணும். லயத்துல கேக்குறவங்ககிட்ட நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க: கவாத்து வெட்டுன மலைக்கு அடுத்த மாசமே கூடைய தூக்கிட்டு போவோமா? அது துளுத்து, தழைஞ்சு, வாது பலக்குற வரைக்கும் விடுறோம்ல. எங்கம்மா இப்ப கவாத்து மலைன்னு சொல்லுங்க, அவங்களுக்கே புரியும்.

10 வாரத்துல வலி இருக்குறது பயப்படுற விஷயம் இல்ல. அவ்ளோ நீளத்துக்கு தசைய ரெண்டு பக்கமும் ஒதுக்கித்தான் வேல செஞ்சிருக்காங்க, அதோட முப்பது வருஷமா ஒரு பக்கம் சுருங்கி ஒரு பக்கம் இழுபட்டு கெடந்த தசைங்க இப்ப புது நீளத்துக்கு பழகணும். சாயந்தரம் ஆனா தோள்பட்டைக்கு நடுவுல கல்லு வச்ச மாதிரி பாரமா இருக்கும், காயத்த சுத்தி மரத்துப்போயிருக்கும், எப்பவாச்சும் காலுக்கு கரண்ட் அடிச்ச மாதிரி ஒரு வெட்டு போகும். போன வாரத்த விட இந்த வாரம் கொஞ்சமாச்சும் லேசா இருக்கான்னு மட்டும் பாருங்க. கால் கட்டையான மாதிரி இருக்குறதும் பெரும்பாலும் அந்த கணக்குதான், கால் கட்டையாகல, இடுப்பும் தோளும் மட்டத்துக்கு வந்துருச்சு, ஆனா மூளை இன்னும் பழைய வளைவையே நேருன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு. சில மாசத்துல பழகிரும். ஆனா நாள் போகப்போக முன்னால சாய்ஞ்சுக்கிட்டே போறாங்கன்னா அது வேற, உடனே கிளினிக்ல காட்டணும்.

வலிக்கு கடைல கேட்டு டைக்ளோஃபெனாக் மாதிரி குளிசைய நீங்களா வாங்கி குடுக்காதீங்க, அந்த வகை மருந்த நாள்கணக்கா போட்டா வயித்துக்கும் கிட்னிக்கும் கெடுதி, எலும்பு ஒட்டுறதையும் தாமதமாக்கலாம். பனடோல் (பரசிட்டமோல் 500 மில்லிகிராம்) போதும், 24 மணித்தியாலத்துல 8 குளிசைக்கு மேல கூடாது, அம்மா 50 கிலோவுக்கு கொறவா இருந்தாலோ ஈரல் வருத்தம் இருந்தாலோ அதவிட கொறச்சுத்தான், எவ்ளோன்னு டிஸ்பென்சரில கேளுங்க. எண்ணெய் போட்டு உருவுறேன்னு யாராச்சும் வந்தா வாசல்லயே நிப்பாட்டிருங்க. எவ்ளோ கைராசிக்காரரா இருந்தாலும் சரி.

குளிருக்கு கம்பி இறுகாது. அது உடம்புக்கு உள்ள இருக்கு, வெளிய பனி கொட்டுனாலும் உள்ள 37 பாகை சூடுதான். குளிருக்கு இறுகுறது தசை. காலைல எந்திரிக்க முன்னாடி சுடுதண்ணி போத்தல ஒரு துணில சுத்தி இடுப்புப் பக்கம் வச்சா இதமா இருக்கும், ஆனா காயத்து மேல வைக்காதீங்க, மரத்துப்போன தோலுக்கு சூடு தெரியாது, பொத்துப்போகும். மின்னலும் அப்படித்தான், உடம்புக்குள்ள இருக்க கம்பிய தேடி மின்னல் வராது, அது தேடுறது உயரமான மரத்தையும் வெட்டவெளில நிக்குற ஆளையும். மழ இருட்டுனா எல்லாரையும் போல உள்ள போயிரணும், அது போதும்.

இனி வீட்டுக்கு வருவோம், எனக்கு கவல அங்கதான். ஆஸ்பத்திரில குடுக்குற அறிவுரையெல்லாம் கட்டிலும் கொமோட் டொய்லட்டும் உள்ள வீட்டுக்கு எழுதுனது. அம்மா தரையில பாய் போட்டு படுக்குறாங்கன்னா அத இன்னைக்கே நிப்பாட்டுங்க, முழங்கால் மட்டத்துக்கு கொஞ்சம் மேல இருக்க கட்டில் வேணும், இல்லன்னா பலகைய கல்லடுக்கி உயத்துங்க. எந்திரிக்கிறப்ப தோளும் இடுப்பும் சேந்து ஒரே கட்டையா பக்கவாட்டுல உருண்டு, கால கீழ போட்டு, கைய ஊனி எந்திரிக்கணும், நேரா மல்லாந்து எந்திரிக்கவே கூடாது. டொய்லட்டுக்கு குந்தி உக்காருறது இப்ப ஆகாது. பிளாஸ்டிக் கதிரைல நடுவுல ஓட்டை வெட்டி, விளிம்ப சூடு காட்டி மழுக்கி, குழி மேல வச்சிருங்க, கால் நாலும் வழுக்காம இருக்கான்னு நீங்க மொதல்ல உக்காந்து பாருங்க. கையில புடிக்க செவுத்துல ஒரு கட்டை அடிச்சு விடுங்க. 5 லீட்டர் தண்ணி கேன் 5 கிலோ, இப்போதைக்கு அதுக்கு மேல ஒண்ணும் தூக்க வேணாம், அந்த 5 கிலோவையும் தரையிலருந்து குனிஞ்சு எடுக்கக்கூடாது, மேசை உயரத்துல இருந்தா மட்டும் எடுக்கலாம். குடம், வெறகு, அரிசி மூட்டை, சின்னப் புள்ளைங்கள தூக்குறது எதுவும் வேணாம். முதுக முறுக்கி திரும்பவும் கூடாது.

அதுக்காக படுத்தே கெடக்கவும் கூடாது. 1960கள்ல அமெரிக்காவுல ஹாரிங்டன்ங்கிற டொக்டர் இந்த மாதிரி கம்பி வச்ச காலத்துல ஆளுங்கள மாவுக்கட்டு போட்டு மாசக்கணக்கா படுக்க வச்சாங்க, இப்ப ஒரு நாள் ரெண்டு நாள்லயே எழுப்பி நடக்க வைக்கிறாங்க, ஏன்னா நடக்குறதுதான் மருந்து. ஒத்தையடிப் பாதைலயும் வழுக்குற படிலயும் வேணாம், லயத்து இஸ்தோப்பு (வாசல் திண்ணை) முன்னாடி முதல் காம்பராலருந்து (அறைலருந்து) கடைசி காம்பரா வரைக்கும் மட்டமா இருக்குல்ல, அதுல எத்தன நடைன்னு எண்ணுங்க. இன்னைக்கு பத்து நடைன்னா நாலு நாள் கழிச்சு பன்னெண்டு. கொஞ்சம் கொஞ்சமா காலைல அரை மணித்தியாலம், சாயந்தரம் அரை மணித்தியாலம் வரைக்கும் வரட்டும். வளையுற, முறுக்குற பயிற்சி எதுவும் பிசியோ மிஸ் சொல்லித் தராம ஆரம்பிக்காதீங்க.

அம்மா பொயில வச்சு வெத்தில போடுறாங்களா? நீங்க எழுதல, ஆனா நான் கேக்கத்தான் வேணும். பொயிலைல இருக்க நிக்கொட்டின் ரத்தக்குழாய சுருக்கி எலும்பு வளருறத தடுக்குது, சுருட்டு, சிகரட் மட்டும்தான் கெடுதின்னு நெனைக்காதீங்க, வாயில அதக்குனாலும் அதே நிக்கொட்டின்தான். குளிருக்கு அது இல்லாம முடியாதுன்னு சொல்லுவாங்க, எங்கம்மாவும் அப்படித்தான் சொன்னாங்க. இந்த ஒரு வருஷத்துக்கு மட்டும்னு கேட்டுப் பாருங்க. சாப்பாட்டுல ரொட்டியும் சம்பலும் மட்டும் பத்தாது, நெதம் ஒரு முட்டை, பருப்பு, முள்ளோட சாப்புடுற நெத்தலி கருவாடு, கீரை. சாயத்தண்ணிய சாப்பாட்டோட சேத்து குடிக்க வேணாம், ஒரு மணித்தியாலம் தள்ளி குடிங்க, தேயிலை சாப்பாட்டுல இருக்க இரும்புச்சத்த உடம்புல சேரவிடாது, ஒபரேஷன்ல ரத்தம் போன ஆளுக்கு அது முக்கியம். வெயில் அடிக்கிற நேரம் வாசல்ல உக்காரட்டும். வைட்டமின் டி, எலும்பு பலம், ரத்தத்துல ஹீமோகுளோபின் இந்த மூணையும் பாக்கணுமான்னு கிளினிக்ல கேளுங்க.

இதுல எதையாச்சும் பாத்தா கிளினிக் தேதி வரைக்கும் காத்திருக்காதீங்க. காயத்துல நீரோ சீழோ வடியுறது, காய்ச்சல், கெண்டைக்கால் ஒரு பக்கம் வீங்கி வலிக்கிறது, திடீர்னு மூச்சு வாங்குறது நெஞ்சு வலிக்கிறது, காலுக்கு புதுசா பலம் கொறையுறது, உக்காருற எடம் மரத்துப்போறது, ஒண்ணுக்கு ரெண்டுக்கு அடக்க முடியாம போறது இல்ல வராம நின்னுறது. 1990க்கு கோல் எடுத்தா சுவசெரிய அம்பியூலன்ஸ் காசில்லாம வரும். ரோட்டு வரைக்கும் கம்பளில கட்டி தூக்கிட்டு போறது நம்ம பக்கம் பழக்கம், அம்மாவுக்கு அது கூடாது, முதுகு மடங்கிரும். தோட்டத்து டிஸ்பென்சரில ஸ்ட்ரெச்சர் இருக்கான்னு இப்பவே கேட்டு வைங்க, இல்லன்னா நீளமான பலகை ஒண்ணு எடுத்து வைங்க.

அழுறத பத்தி. பெரிய முதுகு ஒபரேஷன் செஞ்ச நெறைய பேருக்கு முதல் மாசங்கள்ல இப்படி வரும். தூக்கம் இல்ல, வலி மருந்து, வேல இல்ல, மத்தவங்க சோறு வடிச்சுக் குடுக்குறாங்க, இத்தன வருஷம் வெடியக்காலைல எந்திரிச்ச ஆளுக்கு அது பெரிய தண்டனை. கூடை சுமந்து சுமந்துதான் முதுகு வளைஞ்சதுன்னு யாராச்சும் சொல்லி அம்மா மனசுல அது இருந்தா, அது இல்லன்னு சொல்லுங்க. சின்ன வயசுல வர்ற இந்த வளைவு பாரம் சுமந்து வர்றது இல்ல, யாரோட தப்பும் இல்ல. இன்னொண்ணு, அவங்க பழைய சட்டைய எடுத்துப் பாருங்க, வளைவுக்கு ஏத்த மாதிரி ஒரு தோள் எறக்கி தைச்சிருந்தா இப்ப அது ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்கும். கண்ணாடில அவங்களுக்கே அவங்கள அடையாளம் தெரியாது. முடிஞ்சா ரெண்டு தோளும் மட்டமா ஒரு சட்டை தைச்சுக் குடுங்க. ரெண்டு வாரத்துக்கு மேல சாப்பாடும் தூக்கமும் இல்லாம அழுதாலோ, வாழவே வேணாம்னு வாயில வந்தாலோ, அன்னைக்கே கிட்ட இருக்க ஆஸ்பத்திரில காட்டுங்க, டிக்கோயாவோ நுவரெலியாவோ, எது கிட்டவோ அது.

வேலை விஷயத்துக்கு, வாயால சொன்னா பெரட்டுல எடுபடாது. அடுத்த கிளினிக்ல டொக்டர்கிட்ட எழுதி வாங்குங்க: எவ்ளோ பாரம் தூக்கலாம், எவ்ளோ நேரம் நிக்கலாம், குனியலாமா, எந்த மாசம் வரைக்கும். அத தொழிற்சங்கத் தலைவர்கிட்டயும் தோட்டத்து ஒபிஸ்லயும் ஒவ்வொரு கொப்பி குடுங்க. லேசான வேலைன்னு நர்சரில பை நெரப்ப போட்டா ஒத்துக்காதீங்க, அது நாள் பூரா குனிஞ்சு செய்யுற வேலை. அம்மாவ தனியா கிளினிக்குக்கு அனுப்பாதீங்க, சிங்களத்துலயோ இங்கிலீஷ்லயோ சொல்றதுக்கு புரியாமலே சரி சரின்னு தலையாட்டிட்டு வர்ற நம்ம அம்மாமார நான் எத்தனையோ பேர பாத்துட்டேன். வேன்ல போறப்ப 45 நிமிஷத்துக்கு ஒருக்கா நிப்பாட்டி எறங்கி நடக்க விடுங்க, முன் சீட்டுல, முதுகுக்கு ஒரு தலகாணி. எக்ஸ்ரே எல்லாத்தையும் கொண்டு போங்க, ஒபரேஷனுக்கு முந்தி எடுத்ததையும் சேத்து, ஏன்னா பழசையும் புதுசையும் பக்கத்துல வச்சு பாத்தாத்தான் என்ன மாறியிருக்குன்னு சொல்ல முடியும். பாத்துட்டு என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க மகள்.