பழைய அமெரிக்கச் சொகுசுக் கார்களும் பெட்ரோல் கணக்கும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1976-ஆம் ஆண்டு கேடிலாக் ஃப்ளீட்வுட் புரோஹாம் ஒன்று எங்கள் பகுதியில் விற்பனைக்கு வந்திருக்கிறது. அந்தக் காரின் மீது எனக்கு நெடுநாள் ஆசை. ஆனால், “யானையைக் கட்டித் தீனி போட முடியுமா?” என்று நண்பர்கள் தடுக்கிறார்கள். உண்மையில் அது எவ்வளவு மைலேஜ் தரும்?
— வாசகர், ஹூஸ்டன், டெக்சாஸ்

பதில்: நகருக்குள் கேலனுக்கு 8 முதல் 10 மைல் வரை கிடைக்கும், நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டினால் 12 முதல் 14 மைல் வரை எதிர்பார்க்கலாம். இதைவிட மிக அதிகமாகத் தருகிறது என்று விற்பவர் சொன்னால், அந்தப் பேச்சை ஒதுக்கிவிட்டுக் காரை மட்டும் பாருங்கள்.

காரணங்கள் வெளிப்படையானவை. அந்தக் காரின் வி8 இயந்திரம் 500 கன அங்குலம், அதாவது 8.2 லிட்டர் கொள்ளளவு உடையது. காரின் எடையோ 5,000 பவுண்டைத் தாண்டும். தானியங்கி கியர்பெட்டியில் மூன்று கியர்கள் மட்டுமே இருப்பதாலும், இன்றைய கார்களில் உள்ளதைப் போன்ற ஓவர்டிரைவ் (வேகமாகச் செல்லும்போது இயந்திரத்தின் சுழற்சியைக் குறைக்கும் கியர்) அதில் இல்லாததாலும், நெடுஞ்சாலையிலும் இயந்திரத்தின் சுழற்சி தேவைக்கு மேல் உயர்ந்தே இருக்கும். இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஈயம் குறைந்த பெட்ரோலிலும் ஓட வேண்டும் என்பதற்காக ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1971 மாடல்களிலிருந்து தன் இயந்திரங்களின் அமுக்க விகிதத்தை, அதாவது பெட்ரோலும் காற்றும் எரியும் முன் எத்தனை மடங்கு அழுத்தப்படுகின்றன என்ற அளவை, குறைத்தது. 1970-இல் 10-க்கு 1 என்றிருந்த கேடிலாக்கின் விகிதம் மறு ஆண்டே 8.5-க்கு 1 ஆகிவிட்டது. அமுக்கம் குறைந்தால், எரியும் பெட்ரோலிலிருந்து கிடைக்கும் வேலையும் குறையும். அதனால்தான் 1976-இல் கார்புரேட்டருடன் வந்த அத்தனை பெரிய இயந்திரத்தின் திறன் 190 குதிரைசக்தி என்று குறிக்கப்பட்டது. இதைப் பொறியாளர்களின் திறமைக் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். வேகம் குறைவாக இருக்கும்போதே அந்த இயந்திரம் தரும் இழுவிசையையும், ஓடுவதே தெரியாத அதன் அமைதியையும் ஒரு முறை அனுபவித்தவர்கள், அது எதற்காக உருவாக்கப்பட்டதோ அந்த வேலையைக் குறையின்றிச் செய்தது என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

1973 அக்டோபரில் தொடங்கிய அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையும், அதன் பின் நாடு முழுவதும் வந்த மணிக்கு 55 மைல் என்ற வேக வரம்பும், 1975-இல் நிறைவேறிய எரிபொருள் சிக்கனச் சட்டமும் சேர்ந்து இந்தப் பெருங்கார்களின் காலத்தை முடித்துவைத்தன. 1977-இல் கேடிலாக் தன் பெரிய கார்களை ஏறத்தாழ ஆயிரம் பவுண்டு இளைக்கச் செய்து, 7 லிட்டர் இயந்திரத்தைப் பொருத்தியது. சற்றே கூடுதல் மைலேஜும் கையாளுவதற்கு எளிமையும் வேண்டுமென்றால் 1977 முதல் 1979 வரையிலான கேடிலாக் டிவில் மாடல் உங்களுக்குப் பொருந்தும்.

இனி நண்பர்களின் அச்சத்துக்கு வருவோம். இத்தகைய காரை ஆண்டுக்கு 2,000 மைல் ஓட்டுவதாக வைத்துக்கொண்டால், கேலனுக்கு 10 மைல் கணக்கில் 200 கேலன் பெட்ரோல் செலவாகும். கேலனுக்கு 25 மைல் தரும் சாதாரணக் காருக்கு அதே தொலைவுக்கு 80 கேலன் போதும். கேலன் 4 டாலர் என்று கொண்டால் வேறுபாடு ஆண்டுக்கு 480 டாலர். நிறுத்தும் இடம், காப்பீடு, டயர், இருக்கை உறை, குரோமியப் பூச்சு ஆகியவற்றின் செலவோடு ஒப்பிட்டால் இந்தத் தொகை உங்கள் முடிவை மாற்றுமளவுக்குப் பெரிதன்று. தினமும் வேலைக்குச் செல்ல இந்தக் காரைத்தான் நம்பப் போகிறீர்கள் என்றால் மட்டும், ஆண்டுக்கு 12,000 மைல் என்ற கணக்கில் 1,200 கேலன் ஆகிவிடும் என்பதால், உங்கள் நண்பர்களின் பக்கமே நானும் நிற்பேன்.

கேள்வி: என் 1970 லிங்கன் கான்டினென்டல், கடலோர நகரத்தில் இருந்தபோது கேலனுக்கு 11 மைல் தந்தது. டென்வருக்குக் குடிபெயர்ந்த பின் 8 மைலுக்கு இறங்கிவிட்டது. புகையும் கருப்பாக வருகிறது. பழைய காரென்றால் இப்படித்தான் என்று விட்டுவிடலாமா?
— வாசகர், டென்வர், கொலராடோ

பதில்: விட்டுவிடாதீர்கள். இந்தக் கார்களில் கேலனுக்கு எத்தனை மைல் என்ற எண்ணைப் பணக் கணக்காக மட்டும் பார்ப்பது வீண். அது காரின் உடல்நிலையைச் சொல்லும் எண். 8 மைல் தரும் கார் இயல்பிலேயே 8 மைல் தருவதாக இருந்தால் கவலை இல்லை. 11 தந்தது 8 ஆனால் எங்கோ கோளாறு இருக்கிறது.

உங்கள் காரில் முதல் காரணம் ஊரின் உயரம். டென்வர் கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றின் அடர்த்தி சுமார் 15 சதவீதம் குறைவு. கணினி உள்ள கார் அதை உணர்ந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. கடலோரத்துக்கு ஏற்ற ஜெட்டுகளோடு (பெட்ரோல் வரும் அளவான சிறு துளைகள்) அது தேவைக்கு மிஞ்சிய பெட்ரோலை அனுப்புகிறது. கார்புரேட்டர் வேலையறிந்த ஒருவரிடம் கொடுத்துச் சிறிய ஜெட்டுகளை மாற்றி, இக்னிஷன் டைமிங்கையும் (தீப்பொறி விழும் நேரம்) புதிய உயரத்துக்கு ஏற்பச் சற்று முன்தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

ஆனால், உயரம் மட்டுமே இவ்வளவு பெரிய வீழ்ச்சிக்குக் காரணமாக இருக்க முடியாது என்று நினைக்கிறேன். இயந்திரம் சூடான பின்னும் சோக் (குளிர்ந்த இயந்திரத்தை இயக்கக் காற்றைக் குறைக்கும் தகடு) முழுமையாகத் திறக்காமல் நிற்கிறதா, கார்புரேட்டரின் மிதவை பெட்ரோலில் ஊறிக் கனத்து அதிலுள்ள பெட்ரோல் மட்டத்தை உயர்த்திவிட்டதா, தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள வேக்கம் அட்வான்ஸின் டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) கிழிந்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னது மிக எளிதாகக் கவனத்திலிருந்து தப்பிவிடும். சீரான வேகத்தில் செல்லும்போது டைமிங்கை முன்தள்ளிச் சிக்கனத்தைக் கொடுப்பதே அதன் வேலை என்பதால், அது செத்துப்போனால் காரின் ஓட்டத்தில் பெரிய மாற்றம் தெரியாமலேயே நெடுஞ்சாலை மைலேஜ் குறையும். சிறிது தூரம் ஓட்டிவிட்டு நான்கு சக்கரங்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள மசகைக் கழுவிவிட்டு எண்ணெயில் கலந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் சரிசெய்யும் வரை காரை ஓட்டாமல் இருப்பது நல்லது.

கேள்வி: என் 1972 கேடிலாக்கில் கார்புரேட்டருக்குப் பதிலாக மின்னணு ஃப்யூல் இன்ஜெக்ஷனும் ஓவர்டிரைவ் உள்ள நான்கு கியர் பெட்டியும் பொருத்தினால் மிச்சமாகுமா?
— வாசகர், அட்லாண்டா, ஜார்ஜியா

பதில்: பெட்ரோல் மிச்சமாகும், பணம் மிச்சமாகாது. கேலனுக்கு 10 மைல் தரும் கார் 12 மைல் தரத் தொடங்கினால், ஆயிரம் மைலுக்கு ஏறக்குறைய 17 கேலன் மிச்சம். 30 மைல் தரும் கார் 40 மைலுக்கு உயர்ந்தால்கூட ஆயிரம் மைலுக்கு 8 கேலன் அளவுதான் மிச்சமாகும். அதாவது பெருங்காரில் கூடும் ஒவ்வொரு மைலுக்கும் மதிப்பு அதிகம். ஆயினும், ஆண்டுக்கு 2,000 மைல் ஓட்டுபவருக்கு இதில் 33 கேலனே மிச்சம் என்பதால், சில ஆயிரம் டாலர் செலவைத் திரும்ப எடுக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். குளிர்காலக் காலையில் தடையின்றி இயங்குவதும், நெடும்பயணத்தில் இயந்திரம் அமைதியாக ஓடுவதும் உங்களுக்கு முக்கியம் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். கழற்றிய மூலப் பாகங்களை மட்டும் ஒருபோதும் விற்றுவிடாதீர்கள். உங்கள் கார் கேடிலாக்கின் எல்டொராடோ மாடலாக இருந்தால், 1967 முதல் அது முன்சக்கர இயக்கம் கொண்டது. அதன் கியர்பெட்டி அமைப்பே வேறு என்பதால் இந்த மாற்றத்துக்கு இடமில்லை.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோலும் ஈயம் இல்லாத பெட்ரோலும் இந்தக் கார்களைக் கெடுத்துவிடுமா?
— வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: 10 சதவீத எத்தனால் கலப்பால் மைலேஜ் ஏறத்தாழ 3 சதவீதம் குறையும், அது பெரிதில்லை. பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரத்தையும் எத்தனால் இளக்கிவிடுவதுதான் ஆபத்து. கசியும் பெட்ரோல் சூடான இயந்திரத்தின் மேல் விழுந்தால் கார் தீக்கிரையாகும். ஆகவே, கார் வாங்கிய முதல் வாரத்திலேயே எல்லாக் குழாய்களையும் எத்தனாலைத் தாங்கும் வகையாக மாற்றிவிடுங்கள். ஈயத்தைப் பற்றி அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. ஈயம் இல்லாவிட்டால் வால்வு இருக்கைகள் (வால்வுகள் வந்து அமரும் வளையங்கள்) தேயும் என்பதே பயம். மென்மையாக ஓட்டும் காரில் அவை தேய நெடுங்காலம் ஆகும். என்றைக்காவது இயந்திரத்தைப் பிரிக்க நேர்ந்தால் அப்போது கடினமான இருக்கைகளைப் பொருத்திக்கொள்ளலாம்.

கேள்வி: 1975 கேடிலாக் ஒன்றும் 1978 லிங்கன் ஒன்றும் ஏறத்தாழ ஒரே விலைக்குக் கிடைக்கின்றன. எதை வாங்கலாம்? வாங்குமுன் எவற்றைப் பார்க்க வேண்டும்?
— வாசகர், சான் ஹோசே, கலிஃபோர்னியா

பதில்: நீங்கள் கலிஃபோர்னியாவில் இருப்பதால் என் ஓட்டு கேடிலாக்குக்கே. அந்த மாநிலத்தில் 1975-ஆம் ஆண்டு வரையிலான பெட்ரோல் கார்களுக்குப் புகைப் பரிசோதனை கிடையாது. 1976 முதலானவை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை தேற வேண்டும். காலாவதியான புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களைத் தேடி அலையும் சிரமம் மைலேஜ் வேறுபாட்டைவிடப் பெரிது.

பணம் கொடுக்கும் முன் உங்கள் கராஜின் ஆழத்தை அளந்துவிடுங்கள். இரண்டு கார்களின் நீளமும் 19 அடிக்கு மேல். 20 அடி ஆழமுள்ள கராஜில் கதவை மூடிய பின் காரைச் சுற்றி நடக்க முடியாது. பழங்கார்களுக்கென்றே உள்ள காப்பீட்டில் பூட்டிய கராஜைக் கேட்பது வழக்கம் என்பதால் இதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது. அந்தக் காப்பீட்டையே எடுங்கள். விபத்து நேர்ந்தால் முன்கூட்டி ஒப்புக்கொண்ட தொகை கிடைக்கும்.

காரில் முதலில் வினைல் கூரையின் ஓரங்களை விரலால் அழுத்திப் பாருங்கள். கொப்புளம் போல் எழும்பியிருந்தால் அடியில் தகடு துருப்பிடித்திருக்கிறது. கேடிலாக்கில் பம்பருக்கும் உடலுக்கும் இடையே உள்ள நெகிழிப் பட்டைகள் பொடிந்திருப்பது இயல்பு. மாற்றுப் பட்டைகள் கிடைக்கின்றன. டைமிங் செயின் ஓடும் பல்சக்கரத்தில் நைலான் பற்கள் இன்னும் இருக்கின்றனவா, உலோகச் சக்கரமாக மாற்றியாகிவிட்டதா என்று கேளுங்கள். பழைய நைலான் உடைந்து எண்ணெய்ப் பம்ப்பின் வாயை அடைத்தால் இயந்திரமே போய்விடும்.

இவையெல்லாம் திருப்தியாக இருந்தால், இயந்திரம் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது அதை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். சோர்ந்த கார்புரேட்டர், தேய்ந்த வால்வு, பலமிழந்த பேட்டரி எல்லாம் அந்த முதல் நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும். விற்பவர் நீங்கள் வருவதற்கு முன்பே இயந்திரத்தைச் சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.