எக்ஸ்டென்ஷன் ஏன் ஆடுகிறது? சியர்லீடிங் கேள்வி பதில்

கோலாலம்பூர், பினாங்கு இடைநிலைப்பள்ளிக் குழுக்களிலிருந்து வந்த கேள்விகளுக்குக் கோச் அக்காவின் பதில்கள்.

செந்தூல் டீச்சர்: பிள்ளைகள் பிரெப் (தோள் மட்டம்) வரைக்கும் நன்றாகத் தூக்குகிறார்கள். எக்ஸ்டென்ஷன் (கை நீட்டித் தலைக்கு மேல்) போனதும் ஃபிளையர் (மேலே நிற்பவள்) ஆடி முன்பக்கம் சாய்கிறாள். ஆளை மாற்றலாமா?

மாற்றாதீங்க டீச்சர். மேலே இருப்பவள் ஆடினால் முதலில் கீழே இருப்பவர்களைப் பாருங்க. கீழிருந்து தூக்கும் இரண்டு பேஸ்களுக்கும் நடுவே இடைவெளி கூடினால் ஃபிளையரின் பாதங்கள் விலகும். பாதம் விலகினால் அவளால் காலை இறுக்க முடியாது. அடுத்து, பிடி. ஒரு கை குதிகாலுக்கு அடியில், மற்றது முன்பாதத்துக்கு அடியில், இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கணும். முன்பாதக் கை தாழ்ந்தால் முன்னால் சாய்வாள், குதிகால் கை தாழ்ந்தால் பின்னால். உங்கள் பிள்ளை முன்னால் சாய்வதால் அந்த முன்பாதக் கையைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். அதோடு அவள் தரையைப் பார்க்கிறாளா என்றும் கவனிங்க. எதிர்ச் சுவரில் கண் மட்டத்துக்கு மேலே ஒரு புள்ளியைக் காட்டி அதையே பார்க்கச் சொல்லுங்க.

மூன்றாவது, நேரம். எண்ணுவது பின்னால் நின்று தாங்கும் பேக் ஸ்பாட் ஒருத்தி மட்டும். முழங்காலை மடக்கி எழும் வேகத்தில்தான் கை மேலே போய்ப் பூட்டணும். ஒரு பேஸ் காலாலும் மற்றவள் தோளாலும் தள்ளினால் ஒரு பாதம் முந்தும், இன்னொன்று பிந்தும். ஃபிளையர் இல்லாமல், வெறுங்கையோடு பேஸ்களை மட்டும் எண்ணிக்கைக்கு மடங்கி எழ வையுங்க. யார் முந்துகிறாள் என்பது பத்து தடவையில் தெரிந்துவிடும்.

பிரெப்பை இரண்டு எட்டு (பதினாறு எண்ணிக்கை) அசையாமல் பிடித்து, கிரேடலில் (கைகளில் ஏந்திப் பிடித்து) சுத்தமாக இறக்கணும். இது அடுத்தடுத்து ஐந்து முறை வந்தால்தான் எக்ஸ்டென்ஷன். நான்கு வந்து ஐந்தாவது ஆடினால் முதலிலிருந்து.

கெப்போங் படிவம் 4: அக்கா, டேவான் (பள்ளி மண்டபம்) சிமெண்டுத் தரையில் யோகா மேட் விரித்துச் செய்யலாமா?

கூடாது. யோகா மேட் சில மில்லிமீட்டர் கனம்தான். சியர் மேட் 3.5 முதல் 5 சென்டிமீட்டர் வரை இருக்கும். அதற்கும் எல்லை உண்டு. மேட் இல்லாத நாளில் மோஷன் (கை அசைவுகள்), நடனம், எண்ணிக்கை பழகுங்க, யாரையும் தூக்காதீங்க.

பட்டர்வொர்த் மாஸ்டர்: எங்கள் குழுவில் ஒருத்தி தாமதமாக வந்தால் எல்லாரும் ஐம்பது தோப்புக்கரணம். அதனால்தான் ஒற்றுமை வந்தது. இப்போதைய பயிற்றுநர்கள் பிள்ளைகளை ரொம்பச் செல்லம் கொடுக்கிறார்கள் என்பது என் கருத்து. நீங்கள் என்ன சொல்றீங்க?

மாஸ்டர், செல்லத்தை விடுங்க, தொடையைப் பேசுவோம். ஸ்டண்ட், அதாவது ஆளைத் தூக்கும் வித்தை, அதைத் தூக்குவது தொடைதான். ஐம்பது முறை உட்கார்ந்து எழுந்த தொடையோடு பேஸ் போய் நின்றால் நடுங்குவாள். அவள் தலைக்கு மேல் ஒரு பிள்ளை நிற்கிறது.

பட்டர்வொர்த் மாஸ்டர்: அப்படியென்றால் பயிற்சி முடிந்த பிறகு போடச் சொல்லலாமே? பயம் இல்லாமல் ஒழுங்கு வராது.

பிரிக்பீல்ட்ஸ் அம்மா: மாஸ்டர், என் மகள் மணிக்கட்டு வீங்கியதை இரண்டு வாரம் மறைத்தாள். சொன்னால் குழுவுக்கே தண்டனை என்று பயம்.

நான் சொல்ல வந்ததை அம்மா சொல்லிவிட்டார்கள். தண்டனையை எந்த நேரத்துக்கு மாற்றினாலும் இந்தப் பயம் போகாது. சியர்லீடிங்கில் வலியை மறைப்பவள்தான் ஆபத்து, ஏனென்றால் விழுவது அவளில்லை, மேலே இருப்பவள். ஒவ்வொரு குழுவிலும் ஒரு விதி வேண்டும்: யார் "டவுன்" என்று கத்தினாலும் உடனே இறக்கணும், ஏன் கத்தினாய் என்று யாரும் திட்டக்கூடாது. தோப்புக்கரணத்துக்குப் பயந்த பிள்ளை அந்தச் சொல்லைச் சொல்லவே மாட்டாள்.

தாமதமாக வந்தவளுக்கு விளைவு வேண்டாமா என்றால், வேண்டும். வார்ம்-அப் தவறியவளுக்கு அன்று ஸ்டண்ட் கிடையாது. எண்ணட்டும், வீடியோ எடுக்கட்டும், மாற்று ஆள் அவள் இடத்தில் பழகட்டும். அதனால்தான் ஒவ்வொரு ஸ்டண்ட் குழுவுக்கும் ஒரு மாற்று ஆள் வேண்டும் என்கிறேன். தன் இடத்தில் இன்னொருத்தி நிற்பதைப் பார்த்தவள் அடுத்த முறை சீக்கிரம் வருவாள்.

பட்டர்வொர்த் மாஸ்டர்: ஒத்துக்கொள்ள முடியாது. ஆனால் அந்த "டவுன்" விதியை எடுத்துக்கொள்கிறேன்.

அது போதும்.

ஆயர் ஈத்தாம் அக்கா: போட்டிக்கு முன்னால் ஃபிளையர் மூன்று கிலோ குறைக்க என்ன சாப்பிடலாம்?

சோறு. குறைக்க வேண்டாம். பட்டினி கிடந்தவள் மேலே மயங்குவாள். உடம்பை இறுக்காத ஒல்லிப் பிள்ளையைவிட இறுக்கி நிற்கும் கனமான பிள்ளையைத் தூக்குவது எளிது.

ஜாலான் ஈப்போ அண்ணன்: ஃபிளையராக இருக்க அதிகபட்சம் எத்தனை கிலோ?

இதற்கு முந்தைய பதிலைப் படியுங்க.

புக்கிட் மெர்தாஜம் அப்பா: பையன் சேரணும் என்கிறான். இது பெண் பிள்ளைகள் விளையாட்டு இல்லையா?

1898இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இதைத் தொடங்கி வைத்ததே ஒரு ஆண் மாணவர். உலக சியர் சங்கத்துக்கு 2021இல் ஒலிம்பிக் குழுவின் முழு அங்கீகாரமும் கிடைத்தது. தாராளமாகச் சேருங்க.

கெப்போங் படிவம் 4: அக்கா, அப்போ பள்ளித் திடல் புல்லில்?

தம்பி, புல்லுக்கு அடியிலும் மண் கெட்டிதான். மேடு பள்ளத்தில் பேஸின் கணுக்கால் புரளும். மேட் கிடைக்கும் வரை யாரையும் தூக்காதே லா.

செலாயாங் டீச்சர்: மூக்குத்தி, கோயில் கயிறு, தூடோங் (முஸ்லிம் பெண்களின் தலைமுக்காடு)?

மூக்குத்தியும் தோடும் கழற்றணும், டேப் ஒட்டினால் போதாது. கயிற்றைப் பயிற்சியில் டேப் சுற்றி மூடலாம், போட்டிக்கு ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேளுங்க. தூடோங் என்றால் ஊசி குத்தாத விளையாட்டு வகை, நுனியைச் சட்டைக்குள் செருகணும்.

கூலிம் கோச்: கிரேடலில் ஃபிளையர் தலை பேஸின் தலையில் இடித்தது. வாந்தி இல்லை. நாளைக்குப் பயிற்சிக்கு வரலாமா?

நாளைக்கு டாக்டரிடம் போகட்டும். வாந்தி, குழப்பம், கூடிக்கொண்டே போகும் தலைவலி என்றால் இன்றே மருத்துவமனை. டாக்டர் எழுதித் தரும் வரை ஸ்டண்ட் இல்லை. பேஸையும் பார்க்கச் சொல்லுங்க, அவளுக்கும் தலைதான்.

கெப்போங் படிவம் 4: பேக் ஹேண்ட்ஸ்பிரிங் (பின்னோக்கிக் கை ஊன்றிப் புரளுவது) எப்படி?

ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்றுநரிடம். எழுத்தில் சொல்லித்தரும் விஷயமில்லை.

செந்தூல் டீச்சர்: போட்டிக்கு மூன்று வாரம்தான். பிரமிட்டில் புதிதாக ஒரு லிபர்ட்டி (ஃபிளையர் ஒற்றைக்காலில் நிற்பது) சேர்க்கலாமா?

வேண்டாம் டீச்சர். இரண்டரை நிமிட ஆட்டத்தை இசையோடு முழுசாக ஓட்டுங்க. கடைசி அரை நிமிடத்தில் எது விழுகிறதோ, அதை எளிதாக்குங்க. எக்ஸ்டென்ஷன் இன்னும் ஆடினால் அங்கே பிரெப் போடுங்க.