காலி லிஃப்ட்

அன்புள்ள அக்கா,

என் மகனுக்கு ஆறு வயது. ஒன்றரை வருடமாக லிஃப்ட்டைத் தவிர அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. வரைவது அது, கேட்பது அது, தூக்கத்தில் பேசுவதும் அது. ‘காலி லிஃப்ட் மேலே போறது சுலபம், கீழே வர்றதுதான் கஷ்டம்’ என்று ஏதேதோ உளறுகிறான். முன்பெல்லாம் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லச் சொன்னால் அழகாகச் சொல்வான், எல்லாரும் அசந்துபோவார்கள். இப்போது சொல்லச் சொன்னால் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். இதனால் படிப்பு கெடுமா? ஒரு நாளைக்கு அரைமணி நேரம் என்று கட்டுப்படுத்தலாமா? அவனுடைய அறிவுத்திறனைச் சோதித்துப் பார்க்க வேண்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் மகன் உளறவில்லை. லிஃப்ட் கூண்டைத் தாங்கும் கம்பிவடத்தின் மறுமுனையில் ஓர் எதிர் எடை தொங்குகிறது. காலிக் கூண்டின் எடையோடு, அது சுமக்கக்கூடிய பாரத்தில் 40 முதல் 50 சதவீதம் வரை சேர்த்துத்தான் வழக்கமாக அதை அமைப்பார்கள். அதனால் ஆளில்லாத கூண்டைவிட எதிர் எடைதான் கனம். அது கீழே இழுக்க, கூண்டு தானாகவே மேலே போகப் பார்க்கும். காலிக் கூண்டைக் கீழே இறக்கத்தான் மோட்டார் பாடுபட வேண்டும். ஆறு வயதுப் பையன் இதைப் பிடித்து வைத்திருக்கிறான், நீங்கள் ‘ஏதேதோ’ என்று எழுதுகிறீர்கள். படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. ஒரு தடவையாவது ‘ஏன்டா அப்படி?’ என்று கேட்டீர்களா?

சோதனையெல்லாம் இப்போது வேண்டாம். பேச்சிலோ தூக்கத்திலோ மற்றவர்களோடு பழகுவதிலோ சிரமம் தெரிந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், லிஃப்ட் பிடித்திருக்கிறது என்பதற்காகப் போகாதீர்கள். படிப்பு கெடாது. 1983-ல் மிஷலின் சி, ராண்டி கோஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் நாலரை வயதுப் பையன் ஒருவனுக்குத் தெரிந்த 40 டைனோசர்களை வைத்து ஆய்வு செய்தார்கள். எவற்றைப் பற்றி நிறையத் தெரிந்து, அந்தத் தகவல்கள் ஒன்றோடொன்று கோர்த்துக் கிடந்தனவோ அவைதான் அவன் மனதில் நன்றாக நின்றன. ஒரு விஷயத்துக்குள் முழுசாக இறங்குகிற குழந்தை தகவலைக் கோர்க்கவும் சேர்த்துத்தான் பழகுகிறது. சரி, அது இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை உட்கார வைத்தது அந்த சோபா வரிதான். நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள்.

எனக்கு ஏழு வயதில் எறும்புப் பைத்தியம். சுவரோரம் குப்புறப் படுத்துக்கொண்டு, எறும்பு போகிற பாதையை ஈரவிரலால் அழித்துவிட்டு, வாசனை அறுந்த இடத்தில் அவை தடுமாறுவதையும் எது முதலில் தாண்டுகிறது என்பதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்பாவுக்கு என்னை நினைத்துப் பெருமை. யார் வந்தாலும் கூப்பிடுவார், ‘எறும்பைப் பத்தி சொல்லும்மா.’ வேலைக்கார எறும்பு எல்லாமே பெண்தான் என்று சொன்னால் கூடம் முழுக்கச் சிரிக்கும். அந்த வரிக்குத்தான் சிரிப்பு வருகிறது என்று தெரிந்ததும் ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னேன். அப்புறம் அது பழசாகிப் போனது. ஒருநாள், எறும்புகள் ராத்திரியில் வட்டமாக உட்கார்ந்து ராணியிடம் கதை கேட்கும் என்று நானாகவே சேர்த்துச் சொன்னேன். அன்றைக்கு வந்த கைதட்டல் அதுவரை வந்ததே இல்லை. ஒருவர்கூட ‘நீ பார்த்தியா?’ என்று கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. எத்தனையோ நாள் படுத்துக்கிடந்து பார்த்த நிஜத்துக்குக் கிடைக்காதது ஒரு பொய்க்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு நான் சுவரோரம் போவது மெல்லக் குறைந்தது, ஒரு கட்டத்தில் நின்றே போனது. அப்பா என்னை அவ்வளவு நேசித்தார், அதனால்தான் இதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

உங்கள் பையன் பொய் சொல்லக் கற்றுக்கொள்ளாமல் ஒளிந்துகொண்டிருக்கிறான். அவனை அங்கிருந்து இழுக்காதீர்கள். கெஞ்சியும் இழுக்காதீர்கள், ‘அத்தைக்கு மட்டும் ஒரே ஒரு தடவை’ என்றும் வேண்டாம். வந்தவர்கள் போனபிறகு ‘ஏன் சொல்லலே?’ என்றும் கேட்காதீர்கள். அவன் லிஃப்ட்டைப் பார்க்கும்போது அவன் கண்ணில் லிஃப்ட் மட்டும் இருக்கிறது. நீங்கள் நாலு பேர் முன்னால் நிறுத்தினால் அவன் அந்த நாலு முகங்களைப் பார்க்க ஆரம்பிப்பான், அதிலிருந்து திரும்பி வருவது ரொம்பக் கஷ்டம்.

சிம்பன்சிகளை ஆராய்ந்த ஜேன் குடால் நாலைந்து வயதில் கோழி எப்படி முட்டையிடுகிறது என்று பார்க்கக் கோழிக்கூண்டுக்குள் மணிக்கணக்காக ஒளிந்திருந்தார். வீடே தேடிக் கலங்கிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் வைக்கோலோடு ஓடிவந்த மகளை அவர் அம்மா திட்டவில்லை, உட்கார்ந்து அந்தக் கதை முழுவதையும் கேட்டார். 1960-ல் சிம்பன்சிகளைப் பார்க்க மகள் ஆப்பிரிக்காவில் உள்ள கோம்பே காட்டுக்குக் கிளம்பியபோது, இளம்பெண்ணைத் தனியாக அனுப்ப அதிகாரிகள் மறுத்ததால், முதல் சில மாதங்கள் கூடப் போய்த் தங்கியதும் அதே அம்மாதான். நான் மறுபடி மறுபடி நினைத்துக்கொள்வது கோம்பேயை அல்ல, அவர் கீழே உட்கார்ந்த அந்த நிமிடத்தை.

அரைமணி நேரம் என்று கேட்டிருந்தீர்கள் இல்லையா? அந்த அரைமணியை உங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கையில் போன் இல்லாமல், யாரையும் கூப்பிடாமல், வீடியோ எடுக்காமல். முதலில் அந்தக் காலி லிஃப்ட்டைப் பற்றிக் கேளுங்கள். எதிர் எடை விஷயத்தை நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள், அவனே சொல்லட்டும். நான் எழுதியதில் தப்பு இருக்கிறது என்று அவன் சொன்னால் எனக்குக் கட்டாயம் எழுதுங்கள்.